ஊசியை நிறுத்திய பின்னும் தொடரும் பாதிப்பு: மலையக இளைஞர்களும் ஸ்டெரொய்ட் பாவனையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி என்று மலையக நகரங்கள் எங்கும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியிருக்கின்றன. அது வரவேற்க வேண்டிய மாற்றமே. வேலை முடிந்த மாலைப் பொழுதைத் தவறணையில் கழிக்காமல் பாரம் தூக்கிக் கழிக்கின்ற இளைஞனை யாரும் குறை சொல்ல முடியாது. நான் இக்கடிதத்தை எழுதுவது, அந்தக் கூடங்களில் சிலவற்றைச் சுற்றிக் கைமாறுகின்ற, தசை வளர்ப்பதற்கான ஆண்மை ஹோர்மோன் வகை மருந்துகளாகிய ஸ்டெரொய்ட் ஊசிகளையும் மாத்திரைகளையும் பற்றியும், அவை ஓர் ஆணின் ஹோர்மோன் தொகுதியில் ஆண்டுக்கணக்காக விட்டுச் செல்கின்ற பாதிப்பைப் பற்றியும், அந்தப் பாதிப்புக்கான பழியைச் சுமக்கின்ற பெண்களைப் பற்றியும் ஆகும்.

மலைநாட்டு நகரம் ஒன்றின் பாமசியில் நீண்ட காலமாக மருந்தாளராகப் பணிபுரிகின்றேன். ஸ்டெரொய்ட் கேட்டு வருகின்ற இளைஞனையும் பார்க்கின்றேன். கலியாணமாகிச் சில ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை என்று மருந்துச் சிட்டையுடன் வருகின்ற தம்பதியினரையும் பார்க்கின்றேன். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இடையில் உள்ள தொடர்பைப் பற்றி நம் சமூகத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் பேசுவதில்லை, பாடசாலையில் பேசுவதில்லை, பல வேளைகளில் வைத்தியரின் அறையிலும் பேசுவதில்லை.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த ஊசிகள் தசையை வளர்க்கவே செய்யும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், 43 ஆண்கள் பங்கெடுத்தனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்மை ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் வாரத்துக்கு 600 மில்லிகிராம் வீதம் 10 வாரங்களுக்கு ஏற்றப்பட்டது. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 6 கிலோ வரை கூடியது. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் பெற்றவர்களுக்குக்கூட 3 கிலோ அளவில் கூடியது. இந்த உண்மையை மறைத்து, “அதனால் ஒரு பயனும் இல்லை” என்று பெரியவர்கள் சொல்லும்போது, கண்ணெதிரே நண்பனின் தோள் விரிவதைப் பார்க்கின்ற இளைஞன் நாம் அடுத்துச் சொல்லும் எச்சரிக்கையையும் பொய் என்றே எடுத்துக்கொள்கின்றான். பயன் உண்டு. அதற்கான விலை வேறிடத்தில், வேறொரு காலத்தில் கேட்கப்படுகின்றது என்பதுதான் அவன் அறியாதது.

அந்த விலை எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஆரோக்கியமான ஓர் ஆணின் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றது. இதற்கான கட்டளை மூளையின் அடிப்பாகத்தில் உள்ள பரிவகக்கீழில் தொடங்குகின்றது. அது கபச்சுரப்பிக்குச் சமிக்ஞை அனுப்ப, கபச்சுரப்பி எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோர்மோன்களைக் குருதியில் விடுகின்றது. எல்.எச். விதைகளைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கின்றது, எப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கின்றது. குருதியில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருப்பதை மூளை கண்டுகொண்டால், கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். இயற்கையாக இயங்கும் இந்தக் கட்டுப்பாடுதான் ஊசியால் முறிந்துபோகின்றது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு மில்லிலீற்றர் குப்பியில் 250 மில்லிகிராம் இருக்கின்றது. சுரப்புக் குறைபாடு உள்ள நோயாளிக்கு வைத்தியர்கள் அதை வழக்கமாக மூன்று வாரங்களுக்கு ஒரு முறைதான் ஏற்றுகிறார்கள். ஜிம் பாவனையில் அது வாரத்துக்கு இரண்டு, மூன்று குப்பிகள் என்று போகின்றது. அதனுடன் நன்ட்ரோலோன், ஸ்டனோசொலோல் போன்ற வேறு ஸ்டெரொய்ட் மருந்துகளும் சேர்கின்றன. குருதியில் இத்தனை ஆண்மை ஹோர்மோன் மிதப்பதைக் காணும் மூளை, எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டையும் ஏறக்குறைய முழுமையாக நிறுத்திவிடுகின்றது.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஊசி போடுகின்றவனின் குருதியில் டெஸ்டோஸ்டிரோன் நிரம்பி வழிகின்றதே, அப்படியானால் ஆண்மை கூடத்தானே வேண்டும் என்று கேட்கிறார்கள். விந்தணு உருவாவதற்கு விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோனின் செறிவு, குருதியில் உள்ளதைப் போலப் பல மடங்காகும். அந்தச் செறிவை விதை தன் சொந்தச் சுரப்பினால் மட்டுமே பெற முடியும். குருதி வழியாக வருவது அதற்கு ஈடாகாது. ஆகவே வெளியிலிருந்து ஊசி ஏற ஏற, குருதியில் அளவு உச்சத்திலும் விதைக்குள் அளவு அடிமட்டத்திலும் இருக்கும். விதை சுருங்குகின்றது. விந்தணு எண்ணிக்கை சரிகின்றது. பலருக்குச் சில மாதங்களில் பூச்சியத்தைத் தொடுகின்றது. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார ஸ்தாபனமே ஆய்வுகள் நடத்தியிருக்கின்றது என்பதை அறிந்தால், இதன் வலிமை விளங்கும். தசை வளர்க்க என்று போடும் ஊசியும் ஆண் கருத்தடைக்காக ஆராயப்பட்ட ஊசியும் ஒரே மருந்துதான்.

நம் மக்களுக்குப் புரியும்படி சொல்வதானால், வெளியிலிருந்து கொழுந்து வந்து குவிகின்ற தொழிற்சாலை, தன் சொந்த மலையில் ஆள் இறக்காமல் விட்டுவிடுவதைப் போன்றது இது. கொழுந்து பறிக்காத மலை எப்படி ஆகும் என்பதை நாம் அறிவோம். வெளிக்கொழுந்து நின்றுபோன மறுநாளே அந்த மலையிலிருந்து பழைய விளைச்சலை எடுக்க முடியாது. துப்புரவாக்கி, கவ்வாத்து வெட்டி, மட்டம் பிடித்து, துளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில மலைகள் திரும்பும், சில திரும்பாமலே போகும்.

எத்தனை காலத்தில் திரும்பும் என்பதற்கு விஞ்ஞானத்திடம் ஓரளவு விடை உண்டு. ஆண் கருத்தடை ஆய்வுகளில் பங்கெடுத்த 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2006இல் வெளியான ஆய்வின்படி, ஊசியை நிறுத்திய 6 மாதங்களுக்குள் 67 வீதத்தினருக்கும், 12 மாதங்களுக்குள் 90 வீதத்தினருக்கும், 24 மாதங்களுக்குள் அனைவருக்கும் விந்தணு எண்ணிக்கை மீண்டிருந்தது. ஆறுதல் தரும் கணக்குத்தான். ஆனால் அவர்கள் வைத்தியர்களின் கண்காணிப்பில், அளவறிந்த மருந்தை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பெற்றவர்கள். பல மருந்துகளைக் கலந்து, பல மடங்கு அளவில், ஆண்டுக்கணக்காகப் போட்டுக்கொண்டவனுக்கு இதே கணக்கை உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. 2016இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டுகின்றது. அனபோலிக் ஸ்டெரொய்ட், அதாவது தசை வளர்க்கும் ஸ்டெரொய்ட் பாவனையை நிறுத்திச் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தும், முன்னாள் பாவனையாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரின் டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவுக்குக் கீழே இருந்தது; விதைகளும் ஒப்பீட்டுக் குழுவினரைவிடச் சிறியனவாக இருந்தன. களைப்பு, மனச்சோர்வு, பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் குறைபாடு ஆகியவை அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன. முப்பது வயதைச் சுற்றி நிற்கின்ற ஆண்கள், முதுமையில் வரக்கூடிய ஹோர்மோன் நிலையுடன் வாழ்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இந்தக் கட்டத்தில்தான் அவர்கள் எங்கள் கடைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வருவார்கள். கைத்தொலைபேசியைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்து, வட்ஸ்அப்பில் வந்த அட்டவணை ஒன்றைக் காட்டுவார்கள். எந்த வாரம் எந்த ஊசி, எத்தனை மில்லிலீற்றர், கடைசி மூன்று வாரங்களுக்கு எந்த மாத்திரை என்று அதில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். எழுதியவர் யார் என்று கேட்டால் “மாஸ்டர் குடுத்தாரு” என்பதோடு பேச்சு நின்றுவிடும். “அண்ணே, நிப்பாட்டி நாலு மாசமாச்சு, இன்னும் உடம்பு எழும்ப மாட்டேங்குது, தூக்கமும் இல்ல, மனசும் சரியில்ல, அந்தக் கடைசி மாத்திரைய மட்டும் தாங்க” என்று கேட்பவனின் முகத்தில் உள்ளது பேராசை அன்று, பயம். அவன் கேட்கும் மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கான டமொக்சிபனாகவோ, பெண்களின் கருமுட்டை வளர்ச்சிக்காக எழுதப்படும் குளோமிபீனாகவோ இருக்கும். முன்னையது குருதிக்குழாய்களில் குருதி உறைந்து அடைக்கச் செய்யக்கூடியது. பின்னையது பார்வைக் கோளாறை உண்டாக்கக்கூடியது. தகுந்த வைத்திய நிபுணர் ஒருவர் இவற்றைப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து எழுதுவதற்கும், ஊர்பேர் தெரியாத அட்டவணையை நம்பி ஒருவன் தானாக விழுங்குவதற்கும் இடையே மிகுந்த வேறுபாடு உண்டு. மருந்துச் சிட்டை இன்றி நாங்கள் கொடுப்பதில்லை. கொடுக்காமல் விடுவதோடு எங்கள் கடமை முடிந்துவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை.

கொடுக்காவிட்டால் அவன் என்ன செய்கின்றான்? அநேகமாக மறுபடியும் ஊசிக்கே போகின்றான். போட்டவுடன் உற்சாகம் திரும்புகின்றது, உடல் பழைய தோற்றத்துக்கு வருகின்றது, மனச்சோர்வு விலகுகின்றது. ஆகவே ஊசி இல்லாததே தன் நோய் என்று நம்பிவிடுகின்றான். ஸ்டெரொய்ட் பாவனையாளர்களில் ஏறத்தாழ 30 வீதத்தினர் அதைச் சார்ந்தே வாழும் நிலைக்குப் போகிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். போதைப்பொருளுக்கு அடிமையாவதைப் பற்றிப் பேசுகின்ற நம் மேடைகளில் இந்த அடிமைத்தனத்துக்குப் பெயரே இல்லை. நிறுத்திய பின் வருகின்ற மனச்சோர்வு சிலரில் தற்கொலை எண்ணம் வரை போகக்கூடியது என்பதால், இது வெறும் சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றேன்.

இனி நான் எழுத வந்த முக்கிய விடயத்துக்கு வருகின்றேன். இந்த இளைஞர்கள் கலியாணம் செய்கிறார்கள். ஓராண்டு கழிகின்றது, இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. கோயில் திருவிழாவில், காமன்கூத்துப் பார்க்கப் போன இடத்தில், மரண வீட்டில், எங்கே போனாலும் “இன்னும் ஒன்னும் விசேஷம் இல்லையா?” என்ற கேள்வி அந்தப் பெண்ணைப் பார்த்தே கேட்கப்படுகின்றது. நேர்த்தி வைப்பவள் அவள், விரதம் இருப்பவள் அவள், நாட்டு மருந்து குடிப்பவள் அவள். தோட்டத்தில் பேர் போட்டு உழைக்கும் பெண், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு நகரத்து வைத்தியசாலைக்கு வருகின்றாள். என் மேசையின் முன் நிற்கும் அத்தகைய பெண்ணின் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு ஒன்று இருக்கும். அதில் ஸ்கேன் படங்கள், தைரொயிட் பரிசோதனை, புரொலக்டின் பரிசோதனை, கருக்குழாய்களுக்குச் சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே என்று அவளுடைய உடலைத் துருவிப் பார்த்த காகிதங்கள் அடுக்கடுக்காக இருக்கும். கணவரின் பெயரில் ஒரு காகிதம்கூட அந்தக் கோப்பில் இருக்காது. கணவர் கடை வாசலில், அகன்ற தோள்களுடன், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்.

அவர் ஊசி போட்டவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உறுதியான உடல் கொண்ட ஆண்கள் அனைவர் மீதும் பழி சுமத்துவதும் என் நோக்கமன்று. ஆனால் கருத்தரிக்காமைக்கான காரணங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கின்றது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. அப்படியிருக்க, ஒரு சிறு குப்பியில் மாதிரி கொடுத்தால் முடிந்துவிடும் விந்துப் பரிசோதனையைக் கடைசி வரை தள்ளிப்போட்டு, வலியும் செலவும் மிகுந்த பரிசோதனைகளை எல்லாம் பெண்ணுக்கு முதலில் செய்வது நியாயம் ஆகாது. மாமியார்மார் மருமகளை “மலடி” என்று ஏசும் வீடுகள் இன்றும் உள்ளன. மறுகலியாணப் பேச்சு எழுகின்ற வீடுகளும் உள்ளன. அந்த வீடுகளில் சிலவற்றிலாவது காரணம் அந்த ஆணின் பழைய ஊசிகளில் இருக்கக்கூடும் என்பதும், உண்மையைச் சொன்னால் மருத்துவத்தினால் மீட்கக்கூடிய நிலையாக அது இருக்கக்கூடும் என்பதும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றக்கூடிய செய்திகள்.

இதிலே இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதைக் கண்டவுடன், குறைந்ததை நிரப்பலாம் என்ற எண்ணத்தில் மீண்டும் டெஸ்டோஸ்டிரோனையே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்று நினைக்கின்ற ஆணுக்கு அது நேர்மாறான மருந்து. எஞ்சியிருக்கும் விந்தணு உற்பத்தியையும் அது அடக்கிவிடும். இவ்வாறான ஆண்களுக்கு மூளையின் கட்டளையை மீண்டும் எழுப்பும் வேறு சிகிச்சை முறைகள் உள்ளன. அவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர் ஹோர்மோன் நோய்களுக்கான வைத்திய நிபுணர். நம் மலைகளிலிருந்து அத்தகைய நிபுணரிடம் போவதற்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ பயணப்பட வேண்டியிருக்கின்றது என்பதை நான் அறிவேன். ஆனாலும் நான்கு ஆண்டுகள் கோயில் கோயிலாக அலைவதைவிட அந்தப் பயணம் குறுகியதே.

பதினாறு, பதினேழு வயது மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் ஜிம்முக்குப் போகத் தொடங்குகின்ற பையன்கள் பலர். அந்த வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. நீளமான எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும் வரைதான் உயரம் கூடும். வெளியிலிருந்து ஏற்றப்படும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி உடலுக்குள் பெண்மை ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுகின்றது. அந்த ஈஸ்ட்ரோஜன்தான் வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடுகின்றது. மூடிய தட்டைத் திறக்க மருந்து கிடையாது. ஆறு மாதத்தில் மார்பு விரிந்து நிற்கும் பையன், தான் வளர்ந்திருக்க வேண்டிய உயரத்தை எட்டாமலே நின்றுவிடக்கூடும். அதே ஈஸ்ட்ரோஜன்தான் ஆண்களுக்கு மார்பகம் பருப்பதற்கும் காரணம். முலைக்காம்பின் அடியில் வலிக்கின்ற சிறு கட்டியாக அது தொடங்கும். ஓராண்டு கடந்து நார்த்தன்மை அடைந்துவிட்டால் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. ஆண்மையைக் காட்டுவதற்காக ஊசி போட்டவன், ஓடையில் குளிக்கும்போதும் சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் நிலைக்கு ஆளாகின்றான்.

பெண்கள் இதைப் பாவிப்பது நம் பகுதியில் அரிது என்றே நினைக்கின்றேன். ஆயினும் விளையாட்டில் ஈடுபடும் மாணவியரின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது, பெண்ணின் குரல் ஒரு முறை தடித்துவிட்டால் மருந்தை நிறுத்திய பின்னும் அது திரும்பாது என்பது. பழைய கிழக்கு ஜேர்மனியில் சிறுமியருக்கு விற்றமின் என்று சொல்லி நீல நிற ஸ்டெரொய்ட் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அந்நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்பிரட் ஏவால்டும் வைத்தியர் மான்பிரட் ஹொப்னரும் 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டபோது, அந்தச் சிறுமியர் நடுத்தர வயதை எட்டியிருந்தனர். ஹோர்மோன் பாதிப்புகள் அவர்களை விட்டுப் போயிருக்கவில்லை.

இருதயத்தையும் ஈரலையும் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கின்றேன். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சரிகின்றது, குருதி தடிக்கின்றது, நெடுங்காலம் பாவித்தவர்களின் இருதயம் குருதியைத் தள்ளும் வலு குறைகின்றது. வாயால் விழுங்கும் வகைகள் ஈரலைத் தாக்குகின்றன. டென்மார்க்கில் உடற்பயிற்சிக் கூடங்களில் நடத்திய சோதனைகளில் ஸ்டெரொய்ட் பாவித்ததாக உறுதிசெய்யப்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களின் இறப்பு வீதம் அதே வயதுடைய ஏனைய ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

டென்மார்க்கில் ஜிம்மில் சோதனை நடக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் குழு அனபோலிக் ஸ்டெரொய்ட்களை 1975இல் தடை செய்து, 1976 மொன்றியல் போட்டிகளில் சோதிக்கத் தொடங்கியது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் கனடிய ஓட்டவீரர் பென் ஜோன்சன் பிடிபட்டபோது உலகமே பேசியது. நம் நாட்டிலும் விளையாட்டில் ஊக்கமருந்துப் பாவனைக்கு எதிரான சட்டம் 2013இல் நிறைவேற்றப்பட்டு, அதற்கென முகவர் நிலையமும் இயங்குகின்றது. ஆனால் உலகெங்கும் இந்த மருந்துகளைப் பாவிப்பவர்களில் பெரும்பாலானோர் எந்தப் போட்டிக்கும் போகாதவர்கள். கண்ணாடியின் முன்னும் முகநூலிலும் மட்டுமே தோன்றுகின்ற இவர்களை எந்தச் சோதனையும் தொடுவதில்லை. மருந்துகளின் விற்பனையை ஒழுங்குபடுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை இருக்கின்றது. கடைகளைக் கண்காணிக்கின்ற அதே கவனம், பயிற்சிக் கூடங்களின் அலுமாரிகள் மீதும், இணையத்தில் பொதி கட்டி அனுப்புகின்றவர்கள் மீதும் திரும்ப வேண்டும். பதிவில்லாத குப்பிக்குள் இருப்பது லேபலில் உள்ளதுதானா, அது கிருமிநீக்கம் செய்யப்பட்டதா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

“நான் ஊசி போடுவதில்லை, பவுடர் மட்டும்தான்” என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கப்பட்ட, ஹோர்மோன் கலக்காதவை எனப்பட்ட 634 ஊட்டச்சத்துப் பொருட்களை ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் பரிசோதித்தது. அவற்றில் 94இல், அதாவது ஏறத்தாழ 15 வீதத்தில், லேபலில் குறிப்பிடப்படாத ஸ்டெரொய்ட் ஹோர்மோன்களின் மூலப்பொருட்கள் இருந்தன. எல்லாப் பவுடரும் நஞ்சு என்பது இதன் பொருளன்று. சில வாரங்களில் உருவத்தையே மாற்றிவிடும் என்று விற்கப்படும் பவுடரைச் சந்தேகிக்க வேண்டும். பயறு, கடலை, பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றிலிருந்தும் உடலுக்குத் தேவையான புரதம் கிடைக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையை இவ்விடத்தில் சேர்க்காவிட்டால் இக்கடிதமே தீங்காகிவிடும். குளிரும் பனியும் மிகுந்த நம் பகுதியில் ஆஸ்துமா நோயாளர்கள் பலர் இன்ஹேலர் பாவிக்கிறார்கள். சிலர் பிரட்னிசொலோன் மாத்திரை எடுக்கிறார்கள். அவையும் ஸ்டெரொய்ட் வகை என்று எங்கோ கேள்விப்பட்டுப் பயந்து நிறுத்துகிறார்கள். அவை முற்றிலும் வேறான மருந்துகள். அழற்சியைத் தணிப்பவை, தசையை வளர்ப்பவை அல்ல. இன்ஹேலரை நிறுத்தினால் மூச்சுத்திணறலில் உயிருக்கே ஆபத்து வரலாம். நெடுநாள் எடுத்த பிரட்னிசொலோனைத் திடீரென நிறுத்தினாலும் உடல் நிலைகுலைந்துவிடும். நான் இங்கே எழுதிய எதுவும் அந்த மருந்துகளைக் குறிக்காது.

சம்பந்தப்பட்டவர்களிடம் சில வேண்டுகோள்கள். கருத்தரிக்காமைக்காக வருகின்ற தம்பதியரைப் பார்க்கும் வைத்தியர்கள், கணவரைத் தனியே அழைத்து, “ஜிம்முக்குப் போனீர்களா, ஊசி போட்டீர்களா, எத்தனை காலம்?” என்று குற்றம் காணாத தொனியில் கேட்க வேண்டும். மனைவியின் முன்னாலோ தாயின் முன்னாலோ கேட்டால் விடை வராது. தோட்ட வைத்திய அதிகாரிகளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் விந்துப் பரிசோதனையை முதற்கட்டத்திலேயே வலியுறுத்த வேண்டும். உயர்தர உயிரியலில் ஹோர்மோன் கட்டுப்பாட்டைக் கற்பிக்கின்ற ஆசிரியர்கள், பாடப்புத்தகத்தில் உள்ள அந்தப் படத்தை வைத்தே இந்த ஊசிகள் எங்கே குறுக்கிடுகின்றன என்று காட்டினால், ஒரு பாடவேளை போதும். பயிற்சிக் கூட உரிமையாளர்களில் நேர்மையானவர்கள் பலர். தங்கள் கூடத்தில் ஊசி கைமாறாது என்று வாசலில் எழுதி வைக்க அவர்கள் முன்வர வேண்டும்.

ஊசி போட்ட இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. மறுபடியும் போடாதீர்கள், அட்டவணை மாத்திரைகளையும் விழுங்காதீர்கள். காலை 10 மணிக்கு முன், வெறும் வயிற்றில், டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எப்.எஸ்.எச். மூன்றையும் சோதியுங்கள். 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்த பின் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு விந்தணு முழுமையாக உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் எடுப்பதால், முதல் முடிவு மோசமாக இருந்தால் மனமுடையாமல் மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் செய்யுங்கள். எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினால் போதும். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் மனைவியின் கோப்பில் இன்னும் ஒரு பரிசோதனைக் காகிதம் சேரும்.

தங்கள் பத்திரிகை மலையகத்தின் லயன் வீடுகள் வரை போய்ச் சேருகின்றது. ஹோர்மோன் நோய்களுக்கான வைத்திய நிபுணர் ஒருவரும் மகப்பேற்றுப் பெண்ணோயியல் நிபுணர் ஒருவரும், பெயர் வெளியிடாத வாசகர்களின் கேள்விகளுக்கு இது குறித்து விடையளிக்கும் பகுதி ஒன்றைத் தங்கள் சுகாதாரப் பக்கத்தில் தொடங்கித் தருமாறும், அதில் முதல் கேள்வியாக ஆண்களுக்கான பரிசோதனையை எந்த அரச வைத்தியசாலையில், எந்த நாளில் செய்யலாம் என்பதை எடுத்துக்கொள்ளுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
மருந்தாளர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.